கல்லூரியில் 'டெட்எக்ஸ்' நடக்கிறது என்கிறார்களே, அது என்ன?

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு அத்தா நம்மை நிறுத்தினார். அவருடைய மகள் வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். "இப்பல்லாம் ராத்திரி போன் போட்டா, மீட்டிங்ல இருக்கேன் அத்தா, அப்புறம் பேசுறேன்னு சொல்லுது. என்ன மீட்டிங்னு கேட்டா டெட்எக்ஸ்ங்குது. யாரோ வந்து பேசுவாங்களாம், இதுங்க ஏற்பாடு பண்ணுமாம். பேச ஆள் கூப்பிடறதுக்கு ஆறு மாசமா? பரீட்சைக்குப் படிக்காம இதெல்லாம் தேவையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளை எதில் நேரத்தைச் செலவிடுகிறாள் என்று தெரியவில்லையே என்ற கவலைதான்.

அவருக்கு வாசலில் நின்றபடி நாலு வார்த்தை சொன்னோம். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறோம். கல்லூரிக்குப் போன முதல் தலைமுறையாக நம் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பாடத்துக்கு வெளியே அங்கே என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்ல ஆளில்லை. பிள்ளைகளும் சொல்வதில்லை. சொன்னால் 'வேண்டாம்' என்று வந்துவிடுமோ என்ற பயம்.

முதலில் பெயர். 'டெட்' என்பது தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, வடிவமைப்பு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். 1984இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மான்டெரே என்ற ஊரில் ரிச்சர்ட் சால் வுர்மன், ஹாரி மார்க்ஸ் ஆகியோர் தொடங்கிய மாநாடு அது. அப்போது புதிதாக வந்திருந்த சி.டி.யை அந்த மேடையில்தான் இயக்கிக் காட்டினார்கள். மாநாடு நஷ்டத்தில் முடிந்தது. அடுத்த மாநாடு நடக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001இல் கிறிஸ் ஆண்டர்சன் என்ற பத்திரிகை அதிபரின் அறக்கட்டளை அதை வாங்கியது. (இவர் பாகிஸ்தானில் பிறந்தவர். மிஷனரி கண் மருத்துவரின் மகன். முசூரியில் பள்ளிப் படிப்பு.) பெரும் பணம் கட்டி மண்டபத்தில் உட்கார்ந்தவர்கள் மட்டும் கேட்ட பேச்சுகளை 2006இல் இணையத்தில் இலவசமாக ஏற்றினார்கள். அதன் பிறகுதான் உலகத்துக்கு அந்தப் பெயர் தெரிந்தது.

2009இல் இன்னொரு படி எடுத்து வைத்தார்கள். எங்கள் பெயரில், எங்கள் விதிகளின்படி, உங்கள் ஊரிலேயே நீங்கள் நடத்திக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். பெயருக்குப் பின்னால் வரும் 'எக்ஸ்' அதைத்தான் குறிக்கிறது. இது தலைமை நிறுவனம் நடத்துவதல்ல, உள்ளூர்க்காரர்கள் தாமாக நடத்துவது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் முதல் டெட்எக்ஸ் நடந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான், லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். இன்று உலகெங்கும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. திருச்சி என்.ஐ.டி. உட்பட நம் மாநிலக் கல்லூரிகளிலும் நடந்திருக்கின்றன. இவற்றில் பலவற்றை நடத்துகிறவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள்.

அந்த ஆறு மாதத்தில் என்ன நடக்கிறது?

பேச்சாளரைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, மைக்கைக் கொடுத்து, நன்றியுரை சொல்லி அனுப்புகிற நம் ஊர் நிகழ்ச்சிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் இது புரியாது. இங்கே ஒருவர் அதிகபட்சம் 18 நிமிடம் பேசலாம். அமைச்சர் வந்தாலும் அதே 18, துணைவேந்தர் வந்தாலும் அதே 18. பத்து நிமிடத்தில் முடிக்கிறவர்களும் உண்டு. ஒரு விஷயத்தைக் கனமாகச் சொல்ல அது போதும், கேட்பவர் கவனம் சிதறும் முன்பும் முடிந்துவிடும் என்பது ஏற்பாட்டாளர்கள் சொல்லும் காரணம். வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை என்று மூன்று மணி நேரம் போகிற விழாக்களுக்குப் பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

முதல் வேலை உரிமம். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பம் எளிதல்ல. பல்கலைக்கழக வகை நிகழ்ச்சி என்றால் விண்ணப்பிப்பவர் அங்கே படிக்கிற மாணவராகவோ பணிபுரிபவராகவோ இருக்க வேண்டும். ஒருவர் பெயரில்தான் உரிமம் வரும், அவரே பொறுப்பு. ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் செல்லும், ஓராண்டுக்குள் நடத்தி முடிக்க வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் தலைமை நிறுவனத்தின் மாநாடு ஒன்றில் நேரில் கலந்துகொண்டிருந்தால் தவிர, அரங்கில் 100 பேருக்கு மேல் உட்கார வைக்க முடியாது. ஆயிரம் பேர் அமரும் அரங்கம் கல்லூரியில் இருந்தாலும் 100தான்.

அடுத்தது பேச்சாளர் தேடல். ஒரே துறையைப் பற்றி முழு நாளும் பேசக் கூடாது என்பதும் விதி. ஆகவே ஒரு மருத்துவர், ஒரு விவசாயி, ஒரு வரலாற்று ஆய்வாளர், ஒரு பள்ளி ஆசிரியர் என்று பல திசையிலிருந்து ஆள் வேண்டும். புகழ்பெற்றவரைப் பிடிப்பது சுலபம் என்றே சொல்லலாம், அவருடைய முகவரியாவது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியத்தை இருபது வருடமாகச் செய்துகொண்டிருப்பவரைக் கண்டுபிடித்து, 'நான் என்னத்தப்பா பேசுவேன்' என்று ஒதுங்குகிறவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். பேச்சாளருக்குச் சம்மானம் கொடுக்கக் கூடாது. பயணச் செலவையும் தங்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பணம் தராமல் ஒருவரைக் கூப்பிட்டு, உழைக்கவும் வைப்பதற்கு ஒரு மாணவிக்கு என்ன பேச்சுத் திறமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உழைக்க வைப்பது என்று சொன்னது காரணத்தோடுதான். பேச்சாளர் தன் உரையை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். மாணவர்கள் படித்துப் பார்த்து, இங்கே புரியவில்லை, இது சுற்றிவளைக்கிறது, இந்தப் புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிறகு ஒத்திகை, கையில் கடிகாரத்தோடு. தன்னைவிட நாற்பது வயது மூத்த பேராசிரியரிடம் 'சார், இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா' என்று மரியாதை குறையாமல் சொல்ல வேண்டும். ஆசிரியர் முன்னால் வாய் திறக்கவே தயங்கிய பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். இந்தப் பயிற்சிக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறதென்றால் இரவு ஒன்பது மணி மீட்டிங்கைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

இதற்கிடையில் பணம் திரட்ட வேண்டும். ஜவுளிக்கடை, உணவகம், வங்கிக் கிளை என்று ஏறி இறங்கி ஆதரவு கேட்பார்கள். இதிலும் கட்டுப்பாடு உண்டு. ஆயுதம், சிகரெட் போன்ற தொழில்களிடம் வாங்கக் கூடாது. பணம் கொடுத்த கடைக்காரரை மேடையில் ஏற்றிப் பேச வைக்கக் கூடாது, அவருடைய விளம்பரப் பலகை மேடையில் இருக்கக் கூடாது. டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு 100 டாலர். நம் ஊர்க் கல்லூரிகளில் அதில் சிறு பங்குதான் வாங்குவார்கள். மிச்சப் பணத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, அது அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். தர்ம காரியத்துக்கு நிதி திரட்டவும் இந்த மேடையைப் பயன்படுத்த முடியாது. அறக்கட்டளை நடத்துகிற நமக்கு இது விநோதமாகத் தெரியலாம். ஆனால் காரணம் நியாயமானது. மேடையில் கண்ணீர் வரப் பேசிவிட்டு உடனே உண்டியல் குலுக்கினால், பேச்சு எதற்கு என்ற சந்தேகம் வந்துவிடும்.

நிகழ்ச்சி நாளில் ஒலி, ஒளி, படப்பிடிப்பு, சாப்பாடு, பேச்சாளரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. முழு நாள் நிகழ்ச்சியில் லுஹர், அஸர் தொழுகைக்கு இடமும் நேரமும் இருக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நிகழ்ச்சி நிரல் தயாரிக்கிற மேசையில் நம் பிள்ளையும் உட்கார்ந்திருந்தால் அதை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

நம்மவர்கள் பேசலாமா?

மதப் பிரசாரம், அரசியல் பிரசாரம், வியாபாரம் மூன்றும் இந்த மேடையில் கூடாது என்று விதி இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு, 'அப்படியென்றால் முஸ்லிமாக நின்று எதுவும் பேச முடியாதுபோல' என்று ஒருவர் சொன்னார். அப்படி இல்லை. 2016இல் தலைமை மாநாட்டு மேடையிலேயே எகிப்தில் பிறந்த ஆய்வாளர் தாலியா மொஜாஹித் ஹிஜாபுடன் நின்று, அமெரிக்காவில் முஸ்லிமாக வாழ்வது எப்படி இருக்கிறது என்று பேசினார். தன் அனுபவத்தையும் ஆய்வில் கண்டதையும் சொல்லலாம். என் மார்க்கத்துக்கு வாருங்கள், என் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள், என் பொருளை வாங்குங்கள் என்று அழைக்கத்தான் தடை. அந்தத் தடை எல்லோருக்கும் பொது.

எங்களுக்குப் பிடித்த உதாரணம் இன்னொன்று. 2010இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஒரு டெட்எக்ஸில் லெஸ்லி ஹேசல்டன் என்ற எழுத்தாளர் குர்ஆனைப் படித்த அனுபவத்தைப் பேசினார். அவர் முஸ்லிம் அல்ல. யூதக் குடும்பத்தில் பிறந்தவர், கடவுள் உண்டா இல்லையா என்று தன்னால் முடிவாகச் சொல்ல முடியாது என்பவர். நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதுவதற்காகக் குர்ஆனை முழுதாகப் படிக்க மூன்று வாரம் ஒதுக்கினாராம். அது மூன்று மாதமாக நீண்டது. நான்கு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரபி மூலத்தோடு வசனம் வசனமாக ஒப்பிட்டிருக்கிறார். சுவனத்தில் 72 கன்னியர் என்று மேற்கில் சதா கேலி பேசுகிறார்களே, அப்படி ஒரு எண்ணிக்கை குர்ஆனில் இல்லை என்று அந்த மேடையில் சொன்னார். பத்து நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. அவர் 2024இல் காலமானார், பேச்சு இன்றும் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. அவருடைய எல்லாக் கருத்தோடும் நாம் உடன்பட வேண்டியதில்லை. ஒரு ஊரின் சின்ன மேடை என்ன செய்ய முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு தயக்கம் இருக்கிறது. இங்கிலீஷ் சரளமாக வராது, நமக்கு இது ஒத்துவராது என்று தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதி கிடையாது. 2017 டிசம்பரில் ஸ்டார் ப்ளஸ் தொலைக்காட்சியில் ஷாருக் கான் தொகுத்து வழங்கிய டெட் உரைத் தொடர் முழுவதும் ஹிந்தியில் வந்தது. ஒரு கல்லூரிக் குழு விரும்பினால் தமிழில் உரைகளை வைக்கலாம். அதைக் கேட்டு வாங்க வேண்டியது மாணவர்கள்தான். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் கேட்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நல்ல நிகழ்ச்சி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை.

முதலாவது வீடியோ. பேச்சு பதிவு செய்யப்பட்டு டெட்எக்ஸின் யூட்யூப் பக்கத்தில் ஏறும். அங்கே ஏற்கெனவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பேச்சுகள் இருக்கின்றன. பேச்சாளர் முன்கூட்டியே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதன்படி அந்த வீடியோவை வணிக நோக்கமில்லாமல், மாற்றாமல் யாரும் பகிரலாம். ஆக, பிள்ளை மேடையில் சொல்வது அந்த 100 பேரோடு நிற்காது. மாணவப் பேச்சாளர்கள் பலர் சொந்த வாழ்க்கைக் கதையைத்தான் எடுக்கிறார்கள். வறுமை, அத்தாவின் கடன், அம்மாவின் நோய், வீட்டில் நடந்த சண்டை. அரங்கம் கைதட்டும், பேசியவருக்கும் பாரம் இறங்கியது போலிருக்கும். ஆனால் நான்கு வருடம் கழித்துச் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவை அனுப்பும்போது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரமாக இருக்கும். கேட்டவுடன் நீக்கிவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். பேசாதே என்று தடுப்பதைவிட, உரையை வீட்டில் ஒரு முறை பேசிக் காட்டச் சொல்லுங்கள். தன் கதையைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அம்மாவின் கதையைச் சொல்வதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது முறை.

இரண்டாவது பணம். டெட்எக்ஸ் மேடையில் பேசுவதற்குப் பேச்சாளர் ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது என்பது விதி. 'இவ்வளவு கட்டுங்கள், மேடை வாங்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சி என்று சொல்லிப் பெருந்தொகை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி வேறு, இடம் வேறு. மேடையில் இடத்தை விற்க எந்தப் பயிற்சியாளருக்கும் அதிகாரம் கிடையாது. இந்தப் பெயரைப் போலவே ஒலிக்கிற பெயர்களில் நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால், டெட் நிறுவனத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற நிகழ்ச்சிகளின் பட்டியல் இருக்கிறது, ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது, அங்கே கேட்பதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்வது. நம் பிள்ளைகளிடம் இதைத்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஓர் உதாரணம். ஏமி கடி என்ற உளவியல் அறிஞர் 2012இல் பேசிய பேச்சு உலகப் புகழ் பெற்றது. இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் உடம்பின் ஹார்மோன்களே மாறும், துணிச்சல் வரும் என்றார். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் கழிவறைக்குள் போய் அப்படி நின்றுவிட்டு வந்தார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் 42 பேர். பிறகு 200 பேரை வைத்து மற்றவர்கள் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வை நடத்திய மூவரில் ஒருவரான டேனா கார்னியே 2016இல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். நிமிர்ந்து நின்றால் மனத்துக்குத் தெம்பாக இருக்கிறது என்பது வரை ஏமி கடி இன்றும் சொல்கிறார். அதுவரை சரி. ஆனால் லட்சக்கணக்கானோர் பார்த்தது பேச்சை மட்டும்தான், பின்னால் வந்த திருத்தத்தை அல்ல.

நிறுவனத்துக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். போலி அறிவியலையும் போலி மருத்துவத்தையும் மேடை ஏற்றாதீர்கள் என்று 2012 டிசம்பரில் உலகெங்கும் உள்ள டெட்எக்ஸ் ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதமே எழுதினார்கள். 2013இல் சான் டியேகோ நகர டெட்எக்ஸ் மேடையில் பெஞ்சமின் பிராட்டன் என்ற பேராசிரியர் இன்னும் ஒரு படி போய், கடினமான விஷயங்களை 'உத்வேகம்' என்ற இனிப்பில் தோய்த்துக் கொடுத்தால் தீர்வு வராது என்று இந்த வடிவத்தையே விமர்சித்தார். தன்னைத் திட்டுகிறவருக்கும் அதே மேடையில் நேரம் கிடைத்தது பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் எப்படி ஜெயித்தார் என்று கேட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு அன்று இரவு தூக்கம் வராது. மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கேட்டதில் ஒன்றையாவது புத்தகத்திலோ ஆசிரியரிடமோ சரிபார்த்தாயா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தன்னார்வலர் சான்றிதழைப் பற்றியும் பெற்றோர் பெரிய கனவு காண வேண்டாம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்தக் காகிதத்தைவிட, 'நீ அதில் என்ன செய்தாய்' என்ற கேள்விக்கு வரும் பதில்தான் எடுபடும். டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவருக்கும், வர மறுத்த பேச்சாளரை மூன்று மாதம் விடாமல் பேசி அழைத்து வந்தவருக்கும் ஒரே சான்றிதழ்தான் கொடுப்பார்கள். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் வேலையைக் குறைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். குழுவில் பலர் இருப்பார்கள், மாற்றிவிட முடியும்.

ஜும்ஆ அன்று கேட்ட அந்த அத்தாவைப் போன வாரம் மறுபடி பார்த்தோம். இப்போது விவரமாகச் சொல்கிறார். மகள் பேச்சாளர் குழுவில் இருக்கிறாளாம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்த உரை 27 நிமிடம் வருகிறதாம், அதை 18க்குள் கொண்டுவர மூன்று நாளாக அவரோடு போனில் போராடிக்கொண்டிருக்கிறாளாம். "எங்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத புள்ள" என்று சிரித்தார். நிகழ்ச்சிக்குத் தானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். 100 பேருக்குத்தான் இடம், எல்லாம் முடிந்துவிட்டது அத்தா என்று சொல்லிவிட்டாளாம். வீடியோ வெளிவரச் சில வாரங்கள் ஆகும். யூட்யூபில் எங்கே பார்ப்பது என்று பேரனிடம் கேட்டு வைத்திருக்கிறார்.